உன் அம்மா காசிக்குப் போன வாரம்

கண்ணு,

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பத்திரிகை முக்கால்வாசி கொடுத்தாயிற்று. உன் அம்மா மண்டபத்துச் சமையல்காரரை இரண்டு முறை அழவைத்துவிட்டாள். இந்தச் சமயத்தில் அப்பன் மகனுக்கு நாலு வார்த்தை சொல்வது முறை. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் ஹைதராபாத்திலிருந்து பெருமாநல்லூர் வரைக்கும் கேட்கிறது. எழுதி அனுப்பினால் படித்துத்தானே ஆகவேண்டும்? கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். வலது கைக்குப் பேனா இன்னும் முழுசாக வசப்படவில்லை. காலையில் கொஞ்சம் எழுதுவதும் கை வலித்தால் நிறுத்துவதுமாகத்தான் இது வளர்கிறது.

உன் நிச்சயம் முடிந்து, பட்டு எடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் எனக்குப் பக்கவாதம் வந்து கல்யாணமே தள்ளிப்போனது உனக்குத் தெரியும். நீ ஓடிவந்தாய், ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தாய், வேலைக்குத் திரும்பிப் போனதும் ஒரு மோட்டார் கட்டிலை வாங்கி அனுப்பினாய். உன் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் எழும்பும், இன்னொன்றை அழுத்தினால் கால்பக்கம் எழும்பும். ஒருநாள் நான் தெரியாமல் இரண்டையும் அழுத்திவிட்டேன். பரிசல் மாதிரி மடங்கிக் கிடக்கும்போது கரண்ட் போய்விட்டது. அன்றைக்குப் பார்த்து லைனில் மராமத்து வேலையாம். கரண்ட் வருகிற வரைக்கும் முழங்காலுக்கு நடுவில் என் முகத்தை வைத்துக்கொண்டு, உன் அம்மா ஊட்டிய இட்லியைத் தின்றேன். கட்டில் பிரமாதம் என்று உன்னிடம் போனில் சொன்னது அன்றைக்குச் சாயங்காலம்தான்.

இட்லியை மட்டுமா ஊட்டினாள்? பல் விளக்கிவிட்டாள், தண்ணி வார்த்துவிட்டாள், சட்டை மாட்டிவிட்டாள். மற்றதையெல்லாம் நான் எழுத வேண்டாம், நீயே புரிந்துகொள். அதுவரைக்கும் ஊரெல்லாம் போட்டுக்கொள்ள பனியன் தைத்து மூட்டை மூட்டையாக அனுப்பியவன் நான். என் உடம்பில் ஒரு பனியனை மாட்டிக்கொள்ள என்னால் முடியவில்லை. இரண்டாம் மாதம் போல ஒருநாள், உன் அம்மா என் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "இப்படியே போயிருந்தா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று சொல்லிவிட்டேன். அவள் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு நேரே டாக்டருக்குப் போன் செய்தாள். அப்படி வந்து சேர்ந்தவள்தான் சுகந்தி.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஆக்குபேஷன் என்றால் தொழில் என்றுதானே நமக்குத் தெரியும்? கம்பெனியை எடுத்து நடத்த யோசனை சொல்ல ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நூல் விலை ஏறினது, ஆர்டர் தள்ளிப்போனது, டெய்லர் கிடைக்காதது எல்லாவற்றையும் அவளிடம் கொட்டித் தீர்த்தேன். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் உங்க கம்பெனிக்கு வரல அண்ணாச்சி, உங்களுக்கு வந்திருக்கேன்" என்றாள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். நம் ஊரில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மிணி, எனக்குத்தான் ஏற்கெனவே பிசியோ தம்பி வர்றானே?" என்றேன். "அவரு உங்க கையைத் தூக்க வைப்பாரு. தூக்குன கையால தலை சீவ வைக்கது என் வேலை" என்றாள்.

அப்புறம் என் எதிரே உட்கார்ந்து, ஒரு நாளை நான் எப்படிக் கழிப்பேன் என்று கேட்க ஆரம்பித்தாள். நோய் வருவதற்கு முன்னால் என்னென்ன வேலையை நானாகச் செய்துகொண்டிருந்தேனோ, அதையெல்லாம் மறுபடியும் செய்யவைப்பதுதான் அவர்கள் படிப்பாம்.

"காலையில எந்திரிச்சதும் என்ன செய்விய?"

"காப்பி குடிப்பேன்."

"யாரு போடுவா?"

"வரும்."

"எங்கேருந்து அண்ணாச்சி வரும்?"

நான் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினேன். குளிக்கத் துண்டு? கதவில் தொங்கும். வெந்நீர்? விளாவி இருக்கும். சட்டை? கட்டில்மேல் இருக்கும். சாப்பாட்டுத் தட்டு? சாப்பிட்டு முடித்ததும் போய்விடும். இப்படியே போனது பேச்சு. சுவரோரம் நின்றிருந்த உன் அம்மா முந்தானையை வாயில் வைத்து அமுக்கிப் பார்த்தாள், முடியவில்லை. நான் விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. "ஏனுங் அம்மிணி, அவரு எப்பங்க செஞ்சாரு, இப்ப மறந்து போறதுக்கு?" என்றாள். சுகந்தியும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "பழைய நிலைமைக்குக் கொண்டாந்து விடலாம்னு வந்தேன். இவியளுக்குப் பழைய நிலைமையே இதுதானா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து வெளியே போயிருப்பேன். எழ முடியாததால் உட்கார்ந்திருந்தேன்.

சிரித்து முடித்ததும் அவள் உன் அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். "உங்களுக்கு என்னம்மா வேணும்? இவிய என்ன செஞ்சுக்கிட்டா உங்களுக்கு நல்லாருக்கும்?" என்று கேட்டாள். உன் அம்மா யோசிக்கக்கூட இல்லை. "எனக்கு எங்கக்கா கூடக் காசிக்குப் போகோணுமுங்க" என்றாள். கண்ணு, முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம். காசி என்கிற சொல்லை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. "காசிக்கா? நீயா? எதுக்கு?" என்றேன். "போறதுக்குத்தானுங்க" என்றாள். வெள்ளகோவில் பெரியம்மாவும் அவளும் எத்தனையோ வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம். முதலில் உன் பரீட்சை, அப்புறம் உன் காலேஜ், அப்புறம் என் ஆர்டர் சீசன், அப்புறம் நான் விழுந்தது. சுகந்தி என்னைப் பார்த்து, "அப்போ அண்ணாச்சி, அம்மா காசிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நீங்க தனியா ஊட்டைப் பாத்துக்கிடணும். அதுதான் நமக்குப் பாடம்" என்றாள். வீட்டை ஊடு என்கிற நம் சொல்லை அவள் முதன்முதலில் சொன்னது, என்னை மிரட்டத்தான்.

மறுநாளே மோட்டார் கட்டிலைக் காலி செய்யச் சொன்னாள். அதில் படுத்தால் நான் எழுந்திருக்கக் கற்றுக்கொள்ளவே மாட்டேனாம். உன் அம்மா அதை மொட்டை மாடிக்கு ஏற்றி மோர்மிளகாய் காயவைக்கிறாள். தலைப்பக்கத்தை எழுப்பி வைத்தால் வெயில் நன்றாக விழுகிறதாம். உன்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்.

பாடம் பனியனில் ஆரம்பித்தது. மாட்டும்போது வராத கை முதலில் உள்ளே போகவேண்டும், கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வரவேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! நான் தலையை விட வேண்டிய ஓட்டையில் கையை விட்டேன், கையை விட வேண்டிய ஓட்டையில் தலையை விட்டேன், முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் கம்பெனி பனியனுக்குள் இருந்து வெளியே வர வழி தெரியாமல் தவித்த முதல் முதலாளி நானாகத்தான் இருப்பேன். உன் அம்மா பதறி ஓடிவந்தாள். சுகந்தி அவளைப் பிடித்து நிறுத்தி, "உங்களுக்கு அவிய மேல பாசம்னா, போயி டீவி பாருங்க" என்றாள். அந்த நாட்களில் என்னைவிட உன் அம்மாதான் அதிகம் கஷ்டப்பட்டாள். நான் பித்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் அவள் விரல்கள் தானாக ஆடும். நான் முதல்முறை தனியாகத் தண்ணி வார்த்துக்கொண்ட அன்றைக்கு, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஆச்சுங்களா? ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் பதித்த கம்பியில் தோளைச் சாய்த்தபடி, இடது கையால் சொம்பை எடுத்துத் தலையில் ஊற்றினேன். முதல் சொம்பு முதுகுக்குப் பின்னால் போனது. இரண்டாவது சொம்பு என் தலையில் விழுந்தது. அந்தத் தண்ணீர் உடம்பெல்லாம் இறங்கும்போது எனக்கு என்னவோ செய்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்துதான் பார்ப்போமே என்று தோன்றியது. "ஆச்சுங்களா?" என்றாள். "இல்ல புள்ள, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது" என்றேன்.

வேட்டிக்கு நம் கம்பெனிக் கட்டிங் மாஸ்டர் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோப் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். இடது கையால் சுற்றி அமுக்கினால் போதும். அதைக் கட்டிக்கொண்டு பெருமையாகப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். குனிந்து கும்பிடும்போது 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். பூசாரி திரும்பிப் பார்த்தார். நான் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்தபடி, ரொம்ப நேரம் பக்தியாக நின்றேன். அதற்கப்புறம் மாஸ்டர் இரட்டைப் பட்டை வைத்துத் தந்தார்.

அடுக்களைப் பாடம் கடைசியில் வந்தது. கேஸ் அடுப்பு கூடாது, கரண்ட் அடுப்புத்தான். பால் பாக்கெட்டைப் பிடிக்க ஒரு கை, வெட்ட ஒரு கை எனக்கு இல்லை. அதனால் பாக்கெட்டை ஒரு செம்புக்குள் நிற்கவைத்து, மூலையைக் கத்தரிக்க வேண்டும். டம்ளர் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. சூடான பாத்திரத்தைத் தூக்கவே கூடாது, கரண்டியால் மொண்டு ஊற்ற வேண்டும். வலது கையை ஒதுக்கக் கூடாது, அதற்கும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். எதுவும் முடியாவிட்டால், துணி பறக்காமல் அதன்மேலாவது அந்தக் கை கிடக்கட்டும் என்பாள். இன்னொரு சங்கடமும் இருந்தது. யாருக்காவது எதையாவது கொடுப்பதென்றால் இடது கைதான் வருகிறது. நம் பக்கம் இடது கையால் கொடுத்தால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேசுவார்களே? "இடது கையில பிடிங்க, வலது கையைச் சும்மா அடியில தாங்கலாக் கொண்டாங்க, போதும்" என்று பழக்கினாள்.

முதலில் உன் அம்மா அரைநாள் சேவூர்க் கோயிலுக்குப் போய்வந்தாள். அப்புறம் வெள்ளகோவிலில் ஓர் இரவு தங்கி வந்தாள். இரண்டு தடவையும் வீடு எரியவில்லை, நானும் விழவில்லை. சுகந்தி தலையாட்டினாள். பெரியம்மாவும் உன் அம்மாவும் காசிக்கு ரயில் ஏறினார்கள். ராத்திரித் துணைக்கு மாஸ்டர் முன்னறையில் படுத்துக்கொண்டார். மதியச் சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் என் பாடு.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ லீவு போட்டு வந்துவிடுவாய், இல்லாவிட்டால் இன்னொரு கட்டில் அனுப்புவாய். அந்த வாரம் நீ போன் செய்தபோதெல்லாம் அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றேனே, நினைவிருக்கிறதா? "என்னப்பா, எப்பப் பாரு குளிச்சுட்டே இருக்காங்க?" என்று நீகூடக் கேட்டாய். நான் பொய் சொல்லவில்லை கண்ணு. கங்கையில் குளித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் வெள்ளகோவிலில் விஷயம் வேறு மாதிரி பரவிவிட்டது. உன் மாமனார் வீடும் பெரியம்மா வீடும் ஒரே ஊரில்தானே இருக்கிறது? பெரியம்மா தங்கச்சியோடு காசிக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னது, வாய் மாறி வாய் மாறி, "மாப்பிள்ளையின் அப்பா படுத்த படுக்கை, பார்த்துக்கொள்ள முடியாமல் சம்பந்தியம்மா காசிக்கே போய்விட்டார்" என்று உன் மாமியார் காதில் விழுந்திருக்கிறது. பாவம், பெண்ணைப் பெற்றவர்கள். கட்டிக்கொடுத்ததும் தங்கள் பெண்தான் இந்தக் கிழவனுக்குப் பணிவிடை செய்ய வேண்டியிருக்குமோ என்று பயம் வந்துவிட்டது. உன் மாமனாரும் மாமியாரும் மாமனாரின் அண்ணனும் காரை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார்கள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் பெரியவரைக் கூட்டிவந்தார்களாம். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அவர்கள் கூப்பிட்டபோது நான் பனியனுக்குள் இருந்தேன். கை உள்ளே போய்விட்டது, தலை பாதிதான் போயிருந்தது. "கதவு தொறந்துதான் இருக்குதுங்க, உக்காருங்க, வந்தர்றேன்" என்று துணிக்குள்ளிருந்து கத்தினேன். ஒருவழியாக மாட்டி, மேலே சட்டையும் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு கூடத்துக்கு வந்தால் மூன்று பேரும் என்னைப் பேய் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்க தோஷம் பார், சொந்தம், ஒறம்பரை என்று ஆள் வந்ததும் அடுக்களைப் பக்கம் திரும்பி, "சரசு! மூணு காப்பி!" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

உன் மாமியார் உன் மாமனாரைப் பார்த்தார். பெரியவர் மெதுவாக, "சம்பந்தியம்மா காசிக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்களேப்பா?" என்றார். "ஆமாங்க, போயிட்டா" என்றேன். "அப்புறம் யார்கிட்டங்க காப்பி கேட்டீங்க?" படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், இப்போது மூளையும் கலங்கிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. உன் கல்யாணம் என் கண் முன்னால் கழன்று விழுகிறது. "நானே என்கிட்டச் சொல்லிக்கிட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உன் மாமியார் பின்னாலேயே வந்தார். "நீங்க உக்காருங்க, நான் போடறேனுங்க" என்றார். அந்த நொடியில் ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. "வேண்டாமுங்க, பாத்துட்டு மட்டும் இருங்க" என்றேன். அவர் அடுக்களை வாசற்படியில் நின்று, பரீட்சைக் கண்காணிப்பாளர் மாதிரி பார்த்தார். நான் பாக்கெட்டைச் செம்பில் நிறுத்தினேன், வெட்டினேன். பால் கொஞ்சம் சட்டையில் தெறித்தது. அடுப்பை அமுக்கினேன். முக்காலியில் உட்கார்ந்து, பால் பொங்குகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பேச்சுக் கொடுத்தால் கவனம் போய்விடும் என்று. தூள் போட்டேன், சர்க்கரை போட்டேன், ஈரத்துணிமேல் டம்ளர்களை வைத்துக் கரண்டியால் மொண்டு ஊற்றினேன்.

தட்டு தூக்க முடியாது. கைத்தடியைச் சாத்திவிட்டு, சுவரோரமாக ஒவ்வொரு டம்ளராகக் கொண்டுபோனேன். முதல் டம்ளரைப் பெரியவருக்கு நீட்டினேன், இடது கையில் பிடித்து, வலது கையை அடியில் தாங்கலாக வைத்து. அந்த மனுஷர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, என்னங்க இது, ரெண்டு கையிலயும் குடுக்கறீங்க! இவ்வளவு மருவாதி எதுக்குங்க எனக்கு?" என்று அவரும் இரண்டு கையால் குனிந்து வாங்கினார். என் கை வராத கதையை நான் சொல்லவில்லை. அடுத்து உன் மாமனார் எழுந்து நின்று வாங்கினார். கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல வாங்கிக் குடித்தார்கள். பெரியவர் குடித்துவிட்டு, "சர்க்கரை சித்த தூக்கலுங்க, ஆனா மணமா இருக்குது" என்றார். வந்த காரியத்தைப் பற்றி அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு நான் பனியன் நனையும்வரை வியர்த்து உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா கங்கைத் தண்ணியோடு வந்து சேர்ந்து, நடந்ததையெல்லாம் கேட்டு, வந்த அசதியிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, "சரி, எனக்கும் ஒண்ணு போடுங்க" என்றாள். குடித்துவிட்டு அவள் சொன்னது, காசிக்குப் போனால் ராமேஸ்வரமும் போனால்தான் பலனாம். உன் கல்யாணம் முடிந்ததும் பெரியம்மாவும் அவளும் கிளம்புகிறார்கள்.

என் கை இவ்வளவுதான் வரும் என்று சுகந்தி சொல்லிவிட்டாள். இன்னும் கொஞ்சம் வரலாம், முழுசாக வராது. பரவாயில்லை, இதை வைத்தே பொழப்பு ஓடுகிறது. நான் உனக்குச் சொல்ல நினைத்த புத்தி ஒன்றே ஒன்றுதான். உனக்கு வாய்க்கப்போகிற பெண்ணிடம், "உனக்கு என்ன வேண்டும்?" என்று நீயே கேள். கேட்பதற்குத் திருச்செந்தூரிலிருந்து ஒரு ஆள் வரவேண்டாம்.

இனிமேல் எழுதப்போவதுதான் அவசரம். அன்றைக்கு அடுக்களையில், நான் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, உன் மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங், மாப்பிள்ளையும் இப்படி எல்லா வேலையும் செய்வாருங்களா?" கண்ணு, நான் என்ன செய்வேன்? பெண்ணைப் பெற்ற முகம் எதிரே நிற்கிறது. "அவனா? சமையலு, தொவைக்கறது, எல்லாமுமே செய்வானுங்க. காப்பி போடறதுல எனக்கெல்லாம் அவன்தான் வாத்தியாருங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காரில் ஏறும்போதே மகளுக்குப் போன் போட்டு, "கண்ணு, நீ குடுத்து வெச்சவ" என்றார், என் காதில் விழுந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் மாப்பிள்ளை கையால்தான் காப்பி என்று வெள்ளகோவிலில் முடிவாகிவிட்டதாம். பெரியவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு வேன் நிறைய வருகிறார்கள்.

அதனால் இந்தச் சனிக்கிழமை வண்டி ஏறி வந்துவிடு. அம்மா பத்திரிகை வைக்க வெளியூர் போகிறாள், வீட்டில் நாம் இரண்டு பேர்தான். பால் பாக்கெட் வெட்டுவதிலிருந்து ஆரம்பிப்போம். உனக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, என்னைவிடச் சீக்கிரம் படிந்துவிடும். முதல் தடவை பால் பொங்கி வழிந்தால் துடைக்க வேண்டியது நீதான், நான் டீவி பார்க்கப் போய்விடுவேன். உன்மேல் எனக்கு அவ்வளவு பாசம்.

உன் அப்பா